கர்ப்பப்பையை எடுக்கும் முன்...

மாதவிலக்கு நின்ற பிறகு மீண்டும் ரத்தம் படுகிறதா? ஆபரேஷனுக்கு முன் செய்ய வேண்டிய சோதனையும், நம் பெண்கள் அதிகம் கேள்விப்படாத ஒரு சின்ன சாதனமும்

அவளுக்கு 53 வயது. மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆகிவிட்டது. விடிந்ததும் விடியாததுமாகக் குழித்தறியில் இறங்கிவிட்டாள். நாடாவில் தார் தீர்ந்துபோக, வேறு தார் எடுக்கலாம் என்று பலகையை விட்டு எழுந்தபோதுதான் பார்த்தாள். உட்கார்ந்திருந்த பலகையில் ரத்தக் கறை. பதறிப்போய் அவள் முதலில் தடவிப் பார்த்தது தறியில் இருந்த சந்தன நிறப் பட்டுச் சேலையை. அதில் ஒரு பொட்டுகூடப் படவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. பலகையைத் துடைத்தாள், பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டாள், மறுபடி மிதியில் கால் வைத்தாள். சேலையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி.

ஆரணியிலும் செய்யாற்றுப் பக்கத்து நெசவுத் தெருக்களிலும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காலை இது. அடுத்து நடப்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "உடம்பு சூடுக்கா, வாழைப்பூவை இடிச்சு சாறு குடிங்க" என்பார் பக்கத்து வீட்டுப் பெண். அடுத்த மாதம் மறுபடி பட்டால், மருந்துக்கடையில் ரத்தம் நிறுத்தும் மாத்திரை. விசேஷம், கோயில் என்றால் நாள் தள்ளிப்போட வாங்கி விழுங்கிய பழக்கம் இருப்பதால் மாத்திரை கேட்பதில் கூச்சம் இல்லை. மூன்றாவது முறை துணி நனைந்து, மருமகள் பார்த்துவிட்டு, "அத்தை, இதைச் சும்மா விடக்கூடாது" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனால்தான் ஆஸ்பத்திரி. அங்கே பல நேரம் முதல் பேச்சே இப்படித்தான் வருகிறது: "இந்த வயசுக்கு மேல கர்ப்பப்பை எதுக்கும்மா? எடுத்துடலாம்."

ஒன்று, ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவது. இல்லையென்றால் உறுப்பையே எடுத்துவிடுவது. இந்த இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. அந்த நடு இடம் நம் ஊர்ப் பெண்களுக்குக் காட்டப்படுவதே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் ஆதங்கம்.

நின்ற பிறகு வந்தால் மாதவிலக்கு அல்ல

தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராவிட்டால் மெனோபாஸ். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது; மேலை நாடுகளில் 51. அதற்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், பழுப்பாகக் கறை மட்டும் பட்டாலும், "திரும்ப வந்துடுச்சு" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது விசாரிக்க வேண்டிய ரத்தம்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஹார்மோன் வற்றி உட்சவ்வு மெலிந்து, காய்ந்து, உரசலில் ரத்தம் கசிவதுதான் பெரும்பாலும் காரணம். சிலருக்கு பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சி. சிலருக்கு உட்சவ்வு அளவுக்கு மீறித் தடிப்பது. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிடுபவர்களுக்கும், ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் அந்த மருந்தே காரணமாகலாம். மிச்சம் இருப்பது புற்றுநோய். 129 ஆய்வுகளைத் திரட்டி 2018ல் வெளியான ஓர் அலசல் சொல்லும் கணக்கு இது: மெனோபாஸுக்குப் பின் ரத்தம் பட்டு வந்தவர்களில் 100க்கு சுமார் 9 பேருக்குக் கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய் இருந்தது. அந்தப் புற்றுநோய் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தால், 100க்கு 91 பேருக்கு ரத்தம் முன்கூட்டியே காட்டிக்கொடுத்திருக்கிறது.

ரத்தம் பட்டு வந்த 100 பேரில் 91 பேர் பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்த 9 பேரில் தான் ஒருத்தியா என்பது சோதிக்காமல் யாருக்கும் தெரியாது. இவ்வளவு சீக்கிரமாக, இவ்வளவு வெளிப்படையாக அறிகுறி காட்டும் புற்றுநோய்கள் குறைவு. அந்த அறிகுறியை வாழைப்பூச் சாற்றிலும் கடை மாத்திரையிலும் அமுக்கிவிட்டு, நோய் பரவிய பிறகு வந்து நிற்பது எத்தனை பெரிய இழப்பு!

■ பெட்டிச் செய்தி: என்னென்ன சோதனை?

நேரடிப் பரிசோதனை: கருவி வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள். நம் நாட்டில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அதிகம் என்பதால் இதைத் தாண்டிப் போகவே கூடாது.

உள்வழி ஸ்கேன்: "தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றால் அது வயிற்றின் மேல் எடுப்பது. "யூரின் போயிட்டு வாங்க" என்றால் உள்வழி ஸ்கேன். உட்சவ்வின் தடிமனை இதில்தான் துல்லியமாக அளக்க முடியும். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே என்றால் புற்றுநோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு.

பயாப்சி: தடிமன் அதற்கு மேல் இருந்தாலோ, ரத்தம் திரும்பத் திரும்பப் பட்டாலோ சதை எடுத்துப் பரிசோதனை. மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு வெளிநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடங்களில் எடுத்துவிடலாம்.

ஹிஸ்டரோஸ்கோபி: சின்ன கேமராவை உள்ளே அனுப்பிப் பார்ப்பது. பாலிப் இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம்.

ஹார்மோன் சிகிச்சையும் ஒரு சின்ன சாதனமும்

ரத்தம் படுவதற்கு ஹார்மோன் சிகிச்சையும் ஒரு காரணமாகலாம் என்றோமே, அதைப் பார்ப்போம். இரவில் நனைந்துபோகும் அளவுக்கு வியர்வை, திடீரென்று முகத்தில் ஏறும் அனல், தூக்கமின்மை, எரிச்சல், மூட்டு வலி. மெனோபாஸின் இந்தத் தொல்லைகளுக்கு ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகவோ, ஜெல்லாகவோ, பேட்சாகவோ திருப்பிக் கொடுப்பதுதான் ஹெச்.ஆர்.டி. என்கிற ஹார்மோன் மாற்று சிகிச்சை. இதில் ஒரு சிக்கல் உண்டு. வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருந்தால் பயிரோடு களையும் மண்டுவதுபோல, ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தால் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும். தனி ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு உட்சவ்வுப் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று 1975 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இரண்டு ஆய்வுகள் ஒரே நேரத்தில் வந்தன. அதிலிருந்து ஒரு விதி நிலைத்தது: கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால், கூடவே புரொஜெஸ்ட்ரோன் வகை ஹார்மோனும் கொடுத்தாக வேண்டும்.

அந்த இரண்டாவது ஹார்மோனை மாத்திரையாக எடுத்தால் சிலருக்கு உப்புசம், மார்பு வலி, மனச்சோர்வு. சிலர் மாத்திரையை மறந்துவிடுவார்கள். சிலருக்கு எப்படி மாற்றிக் கொடுத்தாலும் அவ்வப்போது ரத்தம் பட்டுக்கொண்டே இருக்கும். இந்த இடத்தில்தான் கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் காயில் வருகிறது. ஆங்கில டி எழுத்தின் வடிவம், சுமார் 32 மில்லிமீட்டர் நீளம். தண்டில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரொஜெஸ்ட்ரோன் வகை ஹார்மோன். போட்ட புதிதில் ஒரு நாளைக்கு சுமார் 20 மைக்ரோகிராம் வீதம் கர்ப்பப்பைக்குள்ளேயே கசியும். தேவைப்படும் இடத்திலேயே மருந்து இறங்குவதால் உடம்பு முழுவதும் சுற்றும் அளவு குறைவு. உட்சவ்வு மெலிகிறது, ரத்தம் குறைகிறது, பலருக்கு அறவே நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜனை ஜெல்லாகக் கையில் தடவிக்கொள்ளலாம். கர்ப்பப்பையைப் பாதுகாக்கும் வேலையைக் காயில் பார்த்துக்கொள்ளும்.

ஃபின்லாந்து மருத்துவர் தபானி லூக்கைனன் முன்னின்று உருவாக்கியது இது. 1990ல் அந்த நாட்டில் கருத்தடைச் சாதனமாக அனுமதி பெற்று, பிறகு உலகம் சுற்றியது. 'மிரெனா' என்ற பெயரில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசு நிறுவனம் ஹெச்.எல்.எல். லைஃப்கேரும் 'எமிலி' என்ற பெயரில் இதே வகைச் சாதனத்தை விற்கிறது.

அம்மாக்களின் பழைய பயம்

காயில் என்று சொன்னதுமே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். காரணம் இருக்கிறது. 1965ல் இந்திய அரசு லிப்பீஸ் லூப் என்ற கருத்தடைச் சாதனத்தை நாடெங்கும் கொண்டுபோனது. இலக்கு வைத்து, முகாம் போட்டு, லட்சக்கணக்கான பெண்களுக்குப் பொருத்தினார்கள். பொருத்திய பிறகு வந்த ரத்தப்போக்கையும் வலியையும் கேட்க ஆளில்லை. சில வருஷங்களிலேயே பெண்கள் லூப்பைக் கைவிட்டார்கள். பின்னால் வந்த காப்பர்-டியிலும் மாதவிலக்கு கொஞ்சம் கூடுதலாகப் போவது உண்டு. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுவது அதைத்தான். ஆகவே "உள்ள எதையாவது வச்சா ரத்தம் கொட்டும்" என்பது அனுபவத்தில் விளைந்த பேச்சு, அறியாமை அல்ல.

ஹார்மோன் காயில் செய்வது நேர்மாறான வேலை. காப்பர்-டியில் இருப்பது செம்புக் கம்பி. இதில் இருப்பது உட்சவ்வை மெலிய வைக்கும் மருந்து. ஆனால் ஒரு எச்சரிக்கையைப் போடும்போதே சொல்லிவிட வேண்டும். போட்ட புதிதில் மூன்று முதல் ஆறு மாதம் வரை விட்டுவிட்டுக் கறை படலாம். இதைச் சொல்லாமல் போட்டு அனுப்பினால் பழைய பயம் அப்படியே திரும்பி வரும், பத்து நாளில் அந்தப் பெண்ணே வந்து "எடுத்துடுங்க டாக்டர்" என்பார்.

தறிக்கு எப்போது திரும்பலாம்?

கர்ப்பப்பையை எடுத்தால் பிரச்னை தீர்ந்தது என்று நினைக்கிறோம். ஒரு நெசவாளப் பெண்ணின் கணக்கில் அது எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன் என்றால் ஆறு முதல் எட்டு வாரம் பாரம் தூக்கக்கூடாது, அடிவயிற்றை வருத்தும் வேலை கூடாது. குழித்தறியில் உட்கார்ந்து கால் மாற்றி மாற்றி மிதிப்பது முழுக்க இடுப்பும் அடிவயிறும் செய்யும் வேலை. இரண்டு மாதம் தறி நின்றால் இரண்டு மாதம் கூலி இல்லை. வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கும். ராட்டை சுற்றவும் பாவு பிடிக்கவும் வேறு ஆள் தேட வேண்டும். வயசுப் பெண்கள் செய்யாறு சிப்காட் ஷூ கம்பெனி வேனில் ஏறிவிடுகிறார்கள். தறியில் உட்கார அம்மாவையும் மாமியாரையும் விட்டால் யார்?

"எடுக்கும்போதே சினைப்பையையும் சேர்த்து எடுத்துடலாம்" என்பதும் நம் ஊரில் சாதாரணமாகக் காதில் விழுவதுதான். 53 வயதில் அதன் விளைவு குறைவு. ஆனால் ரத்தப்போக்கு என்று 38, 40 வயதில் போகும் பெண்ணுக்கும் இதே பேச்சு பேசப்படும்போது நடப்பது வேறு. மறுநாளே மெனோபாஸ். எலும்பு தேய்மானமும் இதய நோயும் முன்னதாகவே கதவைத் தட்டும். அந்தப் பெண்ணுக்குத்தான் ஹார்மோன் சிகிச்சை அவசியம். அவளுக்கோ அப்படி ஒரு சிகிச்சை இருப்பதே சொல்லப்படுவதில்லை.

காயில் போட வெளிநோயாளிப் பிரிவில் அரை மணி நேரம் போதும். வலி மாத்திரை, ஓரிரு நாள் அடிவயிற்றுப் பிடிப்பு, அதோடு தறிக்குத் திரும்பலாம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய் குறுகியிருப்பதால் போடுவது கொஞ்சம் சிரமம்; சில வாரம் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் க்ரீம் வைக்கச் சொல்வது உண்டு. வலி தாங்காதவர்களுக்கு மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யலாம். ஹிஸ்டரோஸ்கோபிக்காக மயக்கம் கொடுக்கும்போதே சேர்த்துப் போட்டுவிடவும் முடியும். "பொறுத்துக்கோம்மா" என்று சொல்லித் திணிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஹார்மோன் சிகிச்சை எடுக்காத பெண்ணுக்கும் இது உதவும் ஒரு நிலை உண்டு. பயாப்சியில் உட்சவ்வு தடித்திருக்கிறது, ஆனால் செல்களில் கோளாறு இல்லை என்று வந்தால், 20 வருஷத்தில் அது புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 5 சதவிகிதத்துக்கும் குறைவு. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2016ல் வெளியிட்ட வழிகாட்டி, இதற்கு முதல் சிகிச்சையாகவே ஹார்மோன் காயிலைப் பரிந்துரைக்கிறது. 100க்கு 89 முதல் 96 பேருக்கு உட்சவ்வு பழைய நிலைக்குத் திரும்புகிறது. இடையிடையே பயாப்சி எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதே பயாப்சியில் செல்கள் மாறியிருக்கின்றன என்று வந்தால் கதை வேறு. அப்போது கர்ப்பப்பையை எடுப்பதுதான் சரியான வைத்தியம், தள்ளிப்போடவே கூடாது.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்: காரணம் தெரியாமல் கர்ப்பப்பையை எடுக்கவும் வேண்டாம், காரணம் தெரியாமல் காயில் போடவும் வேண்டாம். சோதிக்காமல் போட்டால், புற்றுநோய் கொடுத்த ஒரே அறிகுறியை நாமே சில மாதம் மூடி வைத்ததாகிவிடும்.

■ பெட்டிச் செய்தி: காயில் போடும் முன் தெரிந்துகொள்ள...

ஹெச்.ஆர்.டி.யின் பகுதியாகப் போடும்போது 52 மில்லிகிராம் வகைதான் வேண்டும். சிறிய அளவுகள் இதற்குப் போதாது.

கருத்தடைக்கு எட்டு வருஷம் வரை தாங்கும் என்று சொல்லப்படலாம். ஹெச்.ஆர்.டி.யில் இருப்பவர்கள் ஐந்து வருஷத்தில் மாற்றிவிட வேண்டும். போட்ட தேதியை ஓ.பி. சீட்டிலும் வீட்டு காலண்டரிலும் எழுதி வையுங்கள்.

சுமார் 20 பேரில் ஒருவருக்குத் தானாகவே வெளியே வந்துவிடலாம். கர்ப்பப்பைச் சுவரைத் துளைப்பது 1,000ல் ஓரிருவருக்கு நேரலாம்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாகப் போடுவதில்லை. 2024ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று, 50 வயதுக்கு உட்பட்டவர்களிடம் இந்தக் காயிலோடு மார்பகப் புற்றுநோய் சிறிதளவு கூடுவதைக் காட்டியது: முதல் ஐந்து வருஷத்தில் 10,000 பேருக்குக் கூடுதலாக 14 பேர். குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

லண்டனில் ஒரு பேச்சு, ஆரணியில் ஒரு பேச்சு

ஒரே வீட்டில் பிறந்த அக்கா லண்டனிலும் தங்கை ஆரணியிலும் இருந்தால், இதே பிரச்னைக்கு இருவர் கேட்கும் பேச்சும் வேறு. பிரிட்டிஷ் மெனோபாஸ் சொசைட்டி மற்ற அமைப்புகளோடு சேர்ந்து, ஹெச்.ஆர்.டி.யின்போது வரும் எதிர்பாராத ரத்தத்துக்கென்றே 2024ல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. சிகிச்சை தொடங்கி முதல் ஆறு மாதத்துக்குள் ரத்தம் பட்டால், ஆபத்துக் காரணிகள் இல்லாதவருக்கு மருந்தின் அளவை மாற்றிப் பார்க்கலாம். அதைத் தாண்டியும் பட்டால், அல்லது அதிகமாகப் போனால் ஸ்கேன். உடல் பருமன், சர்க்கரை நோய், பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்னை இருந்தால் இன்னும் வேகமாகப் பார்க்க வேண்டும். ரத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவர 52 மில்லிகிராம் காயிலை அது முன்வைக்கிறது. அக்காவுக்கு அதை அங்கே அரசு மருத்துவச் சேவையே இலவசமாகப் போட்டுவிடும்.

தங்கைக்கு? 2002ல் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த பெரிய ஹார்மோன் ஆய்வு, ஆபத்து தெரிகிறது என்று பாதியில் நிறுத்தப்பட்டபோது எழுந்த பீதி இன்னும் இங்கே அடங்கவில்லை. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும், 60 வயதுக்குள் அல்லது மெனோபாஸ் வந்து பத்து வருஷத்துக்குள் தொடங்குபவர்களுக்குப் பலனே அதிகம் என்று பின்னால் தெளிவானதும் இங்கே வந்து சேரவில்லை. 2025 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஹெச்.ஆர்.டி. மருந்துகளின் மேல் இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை எடுப்பதாக அறிவித்தது. தனி ஈஸ்ட்ரோஜனால் வரும் உட்சவ்வுப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. காயில் காப்பது அந்த ஒன்றிலிருந்துதான்.

இங்கே காயிலைச் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டும், சில ஆயிரம் ரூபாய் ஆகும். நம் நாட்டு இன்ஷூரன்ஸ் திட்டங்கள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்யும் ஆபரேஷனுக்குத்தான் பணம் தருகின்றன. வெளிநோயாளியாக வந்து போட்டுக்கொள்ளும் சாதனத்துக்கு அல்ல. அந்த வித்தியாசமே பெண்களை ஆபரேஷன் பக்கம் தள்ளுகிறது.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் சாட்சி. அங்கே கரும்பு வெட்டும் பெண்களிடம் 2019ல் அரசுக் குழு ஒன்று விசாரித்தது. சுமார் 82,000 பேரில் 13,000க்கும் மேற்பட்டோருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. மாதவிலக்கு நாளில் விடுப்பு எடுத்தால் கூலி பிடிப்பார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் அரசு இன்ஷூரன்ஸ் பணத்துக்காகவே தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுக்கப்பட்டதாக மருத்துவர் நரேந்திர குப்தா 2013ல் தொடுத்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2022 வழிகாட்டுதலை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் அமல்படுத்த வேண்டும் என்றது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 3.3 சதவிகிதம் பேர் கர்ப்பப்பையை இழந்தவர்கள். பிள்ளை பெறும் வயதிலேயே இத்தனை பேர்!

கைக்கெட்டும் தூரத்தில்...

செய்யாறு, ஆரணிப் பெண்களுக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. செய்யாற்றில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஒரு மணி நேர பஸ் பயணத்தில் காஞ்சிபுரம். அங்கே காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை. ஆரணியிலிருந்து வேலூர் சி.எம்.சி.யும் தூரமில்லை. திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி. சென்னை வரை போக முடிந்தவர்களுக்கு எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை. போய்ச் சேர்ந்ததும் கேட்க வேண்டியது இதுதான்: "உட்சவ்வு எத்தனை மில்லிமீட்டர் இருக்கு? பயாப்சி எடுத்தாச்சா? ரிப்போர்ட்ல என்ன இருக்கு? ஆபரேஷன் இல்லாம வேற வழி உண்டா?" கேட்டதற்காக எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. காப்பர்-டி இலவசமாகக் கிடைக்கும் இடத்திலெல்லாம், தேவைப்படும் பெண்ணுக்கு ஹார்மோன் காயிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அரசு நிறுவனமே விற்கும்போது இது ஆகாத காரியம் அல்ல. பயாப்சிக் குழாய் எல்லா தாலுகா மருத்துவமனைகளுக்கும் வர வேண்டும். ஆபரேஷனுக்குப் பணம் தரும் இன்ஷூரன்ஸ், அதைத் தவிர்க்க உதவும் சிகிச்சைக்கும் பணம் தர வேண்டும்.

இன்னொன்றுக்குப் பணமே தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வீடு தேடிப் பெண் ஊழியர்கள் வருகிறார்கள். தமிழகப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேர் அதிக எடை கொண்டவர்கள் என்கிறது அதே ஐந்தாவது சுற்று ஆய்வு. சினைப்பை ஓய்ந்த பிறகும் உடம்பின் கொழுப்பு ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துகொண்டிருக்கும். அதனால் உடல் பருமனும் சர்க்கரையும் உள்ள பெண்களுக்குத்தான் உட்சவ்வுப் புற்றுநோய்க்கு வாய்ப்பு கூடுதல். அந்த ஊழியர் படியேறுவது பெரும்பாலும் அவர்கள் வீட்டில்தான். பிரஷர் பார்த்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் முன், "நின்ன பிறகு எப்பவாவது ரத்தம் பட்டுதாக்கா?" என்று அவர் கேட்க வேண்டும். "ஆமாம்" என்று பதில் வந்தால் அந்தப் பெயரை நோட்டில் எழுதி, அந்த வாரமே ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும்.